கத்தரி படுவதற்கு முன்: திருப்பூரிலிருந்து திண்டிவனம் வரை எட்டு நாள்

நவம்பர் 8, சனி. திருப்பூர், காதர்பேட்டை

ஆற்றையும் கூலியையும் கெடுக்காமல், மிச்சத்தைக் குறைத்து உடுப்பு தைக்கும் ஒரு சின்னத் தொழிலுக்காகத் துணி தேடிப் போன பயணம் இது. திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. தூறலும் விடவில்லை. அதனால் பகல் வெளிச்சம் இருக்கும்போதே காதர்பேட்டைக்குப் போயாக வேண்டும். துணியின் நிறத்தை ட்யூப் லைட்டில் பார்த்து வாங்கினால், மறுநாள் காலை அது வேறு நிறமாக இருக்கும்.

ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சிய ரோல்கள் இங்கே கிலோ கணக்கில் கிடைக்கின்றன. ஏற்கெனவே பின்னி, சாயம் போட்டு, தண்ணீரைச் செலவழித்து முடித்த துணி. இதை வாங்கித் தைத்தால் புதிதாகச் சாயம் போட வேண்டியதில்லை. ஒரு தடவைக்கு நூறு உருப்படி தைக்கும் சின்னத் தொழிலுக்கு இது பொருத்தமான ஆரம்பம். புதிதாகச் சாயம் போடக் கேட்டால் ஒரு நிறத்துக்கு இத்தனை கிலோ வேண்டும் என்பார்கள். அந்த அளவு சின்னத் தொழிலுக்கு எட்டாது.

இன்று பார்த்தது 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) சிங்கிள் ஜெர்சி என்ற டி-ஷர்ட் துணி, கருநீலம், கிலோ 260 ரூபாய் என்றார்கள். சொன்ன ஜி.எஸ்.எம். சரிதானா என்று அங்கேயே பார்க்கலாம்: பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துண்டு வெட்டி, நகை நிறுக்கும் சின்னத் தராசில் வைத்தால் 1.8 கிராம் காட்ட வேண்டும். காட்டியது 1.65. அதாவது 165 ஜி.எஸ்.எம். கடைக்காரர் கோபப்படவில்லை. "மழைக்காலம், துணி ஈரத்த இழுத்துக்கும், இன்னுங் கம்மியாத்தான் இருக்கும்ங்க" என்று அவரே சொல்லி, விலையில் பதினைந்து ரூபாய் குறைத்தார். பத்து நிமிடம் துணியைக் கிள்ளிக்கொண்டு நின்றதற்கு முகம் சுளிக்காமல் டீயும் வரவழைத்தார்.

மற்ற சோதனைகள்: நூலை உருவிக் கொளுத்தினால் பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கருப்பு மணியாக இறுகும். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் துணியின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தால் சாயம் இறங்குகிறதா என்று தெரியும். 50 சென்டிமீட்டர் சதுரம் பேனாவால் குறித்து, மூன்று முறை துவைத்துக் காயவைத்து, திரும்ப அளக்க வேண்டும். நீளத்தில் 47-க்குக் கீழே போனால் அந்த ரோல் டி-ஷர்ட்டுக்கு ஆகாது. கடைசிச் சோதனைக்கு ஒரு ராத்திரி தேவை. அதனால் முதல் நாளே ரோலை வாங்காமல், அரை மீட்டர் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். அதுவரை ரோல் இருக்குமா என்பது நிச்சயமில்லை. மிச்சத் துணியில் தொழில் செய்வதன் முக்கியமான சிக்கலே அதுதான்: இந்த நிறம் தீர்ந்தால் தீர்ந்ததுதான், திரும்ப வராது. அளவு விட்டுப்போன வாடிக்கையாளருக்கு அதே சட்டை கிடைக்காது என்பதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

ராத்திரி கொத்துபரோட்டா, 110 ரூபாய். கல்லில் கரண்டி விழும் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

நவம்பர் 9, ஞாயிறு. ஒரத்துப்பாளையம்

ஞாயிறு பனியன் கம்பெனிகள் மூடியிருக்கும். நொய்யல் ஆற்றைப் பார்க்க அதுதான் நல்ல நாள்.

ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே, அணைத் தண்ணீரைத் திறந்து விடாதீர்கள் என்று கீழே இருக்கும் விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. மேலே சாயப்பட்டறைகளிலிருந்து வந்த உப்பு அங்கே தேங்கியிருந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாத ஏற்பாடு இருந்தால்தான் திறக்கலாம் என்றது. இன்று மழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "ஆட்டுக்குக் கெணத்துத் தண்ணிதாங்க. இத இன்னும் நம்பறதில்ல" என்றார்.

உப்பு எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் 100 கிலோ துணிக்கு 800 லிட்டர். லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால் 48 கிலோ. துணியில் ஒட்டுவது சாயம் மட்டும்தான், அதுவும் முழுதாக ஒட்டாது. உப்பு முழுக்கத் தண்ணீரில்தான் நிற்கும். சுத்திகரிப்பு நிலையத்தில் ஆர்.ஓ. வழியாக அதைப் பிரித்து, மிஞ்சிய உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, உப்பைத் திரும்ப எடுக்கிறார்கள். அதற்கு மின்சாரமும் விறகும் நிறையச் செலவாகின்றன. எடுத்ததில் ஒரு பகுதி திரும்ப உபயோகத்துக்கு வராமல் மூட்டையில் கிடக்கிறது.

நிறம் அடர்த்தியாகக் கூட, உப்பும் கூடும். கருப்பும் கருநீலமும் லிட்டருக்கு 80 கிராம் வரை கேட்கும். வெளிர் நிறங்களுக்கு அதில் பாதியே போதும். சாயமே போடாத காடா நிறத்துக்கு ஒன்றுமே வேண்டாம். ஒரு தொழிலின் நிறப்பட்டியலை உட்கார்ந்து எழுதும்போதே இந்த ஆற்றின் கணக்கும் முடிவாகிவிடுகிறது என்பதை இங்கே நின்றபோது மனசு கனத்துத்தான் யோசிக்க முடிந்தது.

நவம்பர் 10, திங்கள். திருப்பூர், ஒரு பவர் டேபிள் யூனிட்

பவர் டேபிள் என்றால் வெட்டித் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட். இங்கே பத்துப் பதினைந்து மெஷின், ஒரு கட்டிங் டேபிள், ஒரு கட்டிங் மாஸ்டர். மாஸ்டர் ரொம்பப் பொறுமைசாலி. ஒரு லேயை (வெட்டுவதற்கான துணி அடுக்கை) விரிப்பதிலிருந்து குப்பையை நிறுப்பது வரை கூடவே நிற்க விட்டார்.

ரோலை முந்தைய நாளே பிரித்து, மடித்துப் போட்டிருந்தார்கள். நிட் (பின்னல்) துணியை ரோலில் இறுக்கிச் சுற்றியிருப்பதால் இழுபட்டிருக்கும். ஒரு நாளாவது ஆறவிடாமல் வெட்டினால், வெட்டிய துண்டு மேஜையிலேயே சுருங்கும். எம் சைஸ் என்று வெட்டியது எஸ் ஆகிவிடும். அவசர ஆர்டரில் முதலில் விட்டுப்போவது இந்த ஒரு நாள்தான் என்றார் மாஸ்டர்.

துணி 180 ஜி.எஸ்.எம்., அகலம் 72 இஞ்ச். மார்க்கர் (வெட்ட வேண்டிய வடிவங்களை நெருக்கி வரைந்த படம்) நீளம் 2.4 மீட்டர், அதில் நாலு டி-ஷர்ட். 40 அடுக்கு, ஆக 160 உருப்படி. மேஜையில் விரிந்த துணி 32.1 கிலோ. மின்கத்தி ஓடி முடிந்ததும் கீழே விழுந்ததையெல்லாம் சாக்கில் அள்ளி நிறுத்தோம்: 5.4 கிலோ. நூற்றுக்குப் பதினேழு.

அந்த 5.4 கிலோவைத் தரையில் கொட்டிப் பிரித்தது பிரயோஜனமாக இருந்தது. அடுக்கின் இரண்டு முனையிலும் சேர்த்து நாலு சென்டிமீட்டர் விட்டு விரித்ததில் அரை கிலோ. பக்கவாட்டு ஓரம் 350 கிராம். மிச்சம் நாலரை கிலோ, வடிவங்களுக்கு நடுவில் விழுந்த இடைவெளி: கைக்குழியை ஒட்டிய பிறைத்துண்டு, கழுத்துக்கு வெட்டிய அரை வட்டம், கைக்கும் உடம்புக்கும் நடுவில் நீண்ட முக்கோணம். கழுத்துத் துண்டை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தால் உள்ளங்கை அளவுதான். அதில் பையும் தைக்க முடியாது, பட்டியும் வெட்ட முடியாது. "மிச்சத் துணியில் பொம்மை, பர்ஸ் செய்வோம்" என்று திட்டம் போடுகிறவர்கள் இந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திட்டம் போட வேண்டும். நெய்த துணியின் மிச்சம் நேராகக் கிடக்கும், ஒட்டுப்போடலாம். நிட் துணியின் மிச்சம் ஓரம் சுருண்டுகொள்ளும். அதைத் தைப்பவரின் நேரத்துக்குக் கூலி கொடுத்தால் பொம்மையின் விலை டி-ஷர்ட்டைத் தாண்டும்.

சாக்பீஸை எடுத்து மாஸ்டர் மேஜையிலேயே வேறு மாதிரி வரைந்தார். நாலு பெரியவர் சைஸுக்கு நடுவில் ஆறு வயதுக் குழந்தைக்கான சைஸ் இரண்டைச் சொருகினார். கழுத்துப்பட்டியை ரிப் துணியில் தனியாக வெட்டாமல், அந்த நீண்ட முக்கோணத்திலிருந்தே எடுத்தார். பதினேழு பதின்மூன்றாக இறங்கியது. "ஆனா அந்தக் கொழந்த சைஸு விக்கோணும்ங்க" என்றார். மேஜைக்குக் கீழே விழ வேண்டியது அலமாரியில் போய்க் கிடந்தால் அது குறைந்ததாகக் கணக்கில்லை. விற்காத உருப்படியில் துணி மட்டுமா, தையலும் நூலும் மூன்று பேரின் உழைப்பும் சேர்ந்து வீணாகிறது.

நூறு உருப்படிக்கும் ஆயிரம் உருப்படிக்கும் ஒரே பீஸ் ரேட் கேட்பது நியாயமில்லை என்பதும் இங்கே தெரிந்தது. நூல் மாற்ற, ஊசி மாற்ற, புது மாடலுக்குக் கை பழக அரை நாள் போகிறது. ஆயிரத்தில் அது கரையும், நூற்றில் கரையாது. தையல்காரர் அந்த அரை நாளைத் தன் சம்பளத்திலிருந்து இழக்கிறார். சின்ன ஆர்டர் கொடுப்பவர்கள் முதல் அரை நாளுக்கு நாள்கூலியும், அதன்பின் பீஸ் ரேட்டும் என்று பேசிக்கொள்வது நல்லது. திருப்பூரில் சாதாரணமாகப் பேசும் "ஒன்றரை ஷிப்ட்" என்பது காலை எட்டரை முதல் ராத்திரி எட்டரை வரை. எட்டு மணி நேரத்துக்குச் சம்பளம் போட்டு, மிச்சத்துக்கு அதில் பாதி கொடுப்பது வழக்கமாக இருக்கிறது. சட்டப்படி கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம். யூனிட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இயந்திரத்தைப் பார்ப்பதற்கு முன் சம்பளப் பதிவேட்டைக் கேட்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்றும்.

நாலு மணிக்கு வேஸ்ட் வியாபாரி டி.வி.எஸ். மொபெட்டில் வந்தார். வெள்ளை கிலோ 60, கலர் 25. லைக்ரா (ரப்பர்போல் இழுபடும் இழை) கலந்ததைத் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "வெள்ளக்கோயில் போய்ப் பாருங்க" என்றார்.

நவம்பர் 11, செவ்வாய். ஈரோடு

திங்கள் ராத்திரி ஆரம்பித்துச் செவ்வாய் நடக்கும் ஜவுளிச் சந்தை. விடிகாலை இரண்டு மணிக்குப் போனபோது குளிர், சேறு, நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பொதி பிரிக்கிறவர்கள். தீபாவளி முடிந்து மூன்று வாரம், கூட்டம் குறைவு. கேரளத்திலிருந்து வந்த இரண்டு வியாபாரிகள் மட்டும் மும்முரமாக லுங்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

விசைத்தறிக் காடா மலிவு, ஆனால் அகலம் அவர்கள் வைத்ததுதான். 63 இஞ்ச் என்றால் 63. உங்கள் மார்க்கருக்கு 55 போதும் என்றாலும் எட்டு இஞ்ச் ஓரத்தைச் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். இதை மனசில் வைத்துக்கொண்டுதான் மறுநாள் சென்னிமலைக்குப் போனது. சுக்குக் காபி பத்து ரூபாய், அந்தக் குளிருக்கு அமிர்தம்.

நவம்பர் 12, புதன். சென்னிமலை

கொட்டித் தீர்த்தது. ஊர் முழுக்க வழக்கமாகக் கேட்கும் தறிச் சத்தம் இன்று ஒன்றிரண்டு வீட்டில் மட்டும். குழித்தறியில் நெசவாளர் தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிப்பார். நல்ல மழையில் அந்தக் குழியில் தண்ணீர் ஊறும். போன வீட்டில் குழிக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. ஐயா டப்பாவால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்) தோய வெயில் வேண்டும்; தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்கும் வேலையும் நின்றிருந்தது. நவம்பர், டிசம்பரில் கைத்தறித் துணிக்கு ஆர்டர் கொடுத்து, பொங்கலுக்குச் சரக்கு வேண்டும் என்று கேட்கிறவர்கள் இந்தக் குழியை ஒருமுறை வந்து பார்க்கலாம்.

அம்மா, "மழ நிக்கறதுக்குள்ள சாப்பிட்ருங்க கண்ணு" என்று அரிசிம்பருப்புச் சோறு போட்டார். மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிர். மறுத்துப் பேச இடமே கொடுக்கவில்லை.

சாப்பிட்டபின் தறியின் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 48 இஞ்ச் துணி, இஞ்சுக்கு 60 இழை: மொத்தம் 2,880 இழை. ஒரு பாவு தீர்ந்தால் அடுத்த பாவின் இழை ஒவ்வொன்றையும் பழைய இழையோடு சேர்த்து விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு நாள். அச்சுக்கும் (இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு) விழுதுக்கும் (இழைகளைத் தூக்கி இறக்கும் கண்ணிகள்) பின்னால் ஒரு மீட்டர் அளவுக்குப் பாவு நெய்ய முடியாமல் நின்றுவிடும். ஆகவே 20 மீட்டருக்கு ஆர்டர் கொடுத்தால் நூலில் நூற்றுக்கு ஐந்து அங்கேயே போயிற்று. 60 மீட்டர் கொடுத்தால் இரண்டுக்கும் கீழே. சின்ன அளவு என்பதால் குப்பை குறையும் என்று நினைத்துக்கொள்வது தறிக்கு முன்னால் நிற்கவில்லை. ஒரே பாவை 60 மீட்டருக்கு ஓடவிட்டு, 20 மீட்டருக்கு ஒருமுறை ஊடை (குறுக்கு இழை) நிறத்தை மட்டும் மாற்றினால் ஒரு பாவில் மூன்று துணி கிடைக்கும். ஊடை நூல் சுற்றிய தாரை மாற்றினால் போதும், பாவைத் தொட வேண்டியதில்லை.

அடுத்து அகலம். தைக்க நினைத்த குட்டைக் குர்தாவின் மார்க்கருக்கு வேண்டியது 41 இஞ்ச். 48 இஞ்ச் அச்சில் நெய்து, இறக்கி, நனைத்தால் துணி 46-ல் நிற்கும். மிஞ்சும் 5 இஞ்ச் நீளம் முழுக்கக் குப்பை, நூற்றுக்குப் பதினொன்று. இதை ஐயாவிடம் சொன்னபோது அவர் சர்வ சாதாரணமாக, "அப்பறம் எதுக்குங்க அத்தன அகலம்? ஓரத்துல இழை போடாம உட்ருவோம்" என்றார். அவ்வளவுதான். கைத்தறியில் அச்சின் இரண்டு பக்கமும் சில பற்களைக் காலியாக விட்டால் அகலம் குறைந்துவிடும். கரையும் அந்த அகலத்திலேயே உருவாகும். அந்தக் கரையையே குர்தாவின் பக்கத் திறப்புக்கு வைத்தால் அங்கே மடித்துத் தைக்கவோ ஓவர்லாக் அடிக்கவோ வேண்டாம். நாலு நாளாக மிச்சத்தை என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டு அலைந்ததற்கு, மிச்சமே இல்லாமல் நெய்யலாம் என்று தண்ணீர் மொண்டுகொண்டே ஒருவர் சொன்னார்.

நேரான வடிவம் இருந்தால்தான் இது நடக்கும். கைக்குழியை வளைத்து வெட்டாமல், செவ்வகமான கையை வைத்து, அக்குளில் நாலு இஞ்ச் சதுரத் துண்டு கொடுத்துத் தைக்கும் பழைய முறை. அந்தச் சதுரம் இல்லாவிட்டால் கையைத் தூக்கும்போது துணி கிழியும். கழுத்தை வெட்டாமல் கீறி, கீறிய துணியை உள்ளே மடித்துப் பட்டியாக வைக்கலாம். தோள் இறக்கமாக விழும். பொருந்திய தோள் கேட்கிறவர்களுக்கு இந்த உடுப்பு பிடிக்காது. அதையும் மறைக்கக்கூடாது.

கூலி பற்றிப் பேசியது மனசை விட்டு நீங்கவில்லை. மீட்டருக்கு 70 ரூபாய். நல்ல நாளில் ஐந்து மீட்டர், 350. அதில் அம்மா உட்கார்ந்து தார் சுற்றுவதும் அடக்கம், அவருக்கென்று தனிக் கணக்கு எதுவும் கிடையாது. தார் சுற்றுவதற்கும் பாவு பிணைப்பதற்கும் தனிக்கூலி, ஆர்டரோடு பாதித் தொகை முன்பணம், மீதி இறக்கிய அன்றே. இவை இல்லாமல் அறம் என்ற சொல்லை உடுப்பின் அட்டையில் அச்சடிக்கக்கூடாது.

நவம்பர் 13, வியாழன். வெள்ளக்கோவில் பக்கம் ஒரு ஓ.இ. மில் (மிச்சத் துணியை நூலாக்கும் மில்)

வேஸ்ட் வியாபாரி சொன்னது இங்கே விளங்கியது. திருப்பூர் கட்டிங் வேஸ்ட் இங்கே மூட்டை மூட்டையாக இறங்கி, பெண்கள் கையால் நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். நீலத்திலேயே ஏழு குவியல். பிறகு பொடியாக நறுக்கி, முள் பதித்த உருளைகளில் கிழித்துப் பஞ்சாக்குகிறார்கள். லைக்ரா கிழியாது, இழுபட்டு உருளையில் சுற்றிக்கொள்ளும். நிறுத்திக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். அதனால்தான் அதை யாரும் வாங்குவதில்லை. டி-ஷர்ட் துணியில் ஐந்து சதவீத லைக்ரா சேர்க்கலாமா என்று யோசிக்கிறவர்கள், மிச்சத்தை வாங்க ஆள் இருக்காது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

கிழித்த பஞ்சின் இழை பாதி நீளம்கூடத் தேறாது. அதனால் புதுப் பருத்தியோ பாலியெஸ்டரோ கலந்தால்தான் நூலாக நிற்கும். அதுவும் பத்து, இருபதாம் நம்பர் போலத் தடித்த நூல்தான். கால்மிதி, போர்வை, திரைச்சீலைக்கு நன்றாக இருக்கும். மெல்லிய சட்டைக்கு ஆகாது. ஆனால் இதில் ஒரு பெரிய நன்மை: பிரித்த நிறத்திலேயே நூல் வருவதால் சாயம் போட வேண்டியதில்லை. நொய்யலைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அந்த நீலக் கண்டு நூல் அழகாக இருந்தது.

கிழிக்கும் கூடத்தில் பஞ்சுத்தூசி பனிபோல நின்றது. பாதிப் பேர் மூக்கில் துண்டு கட்டியிருந்தார்கள், மீதிப் பேர் கட்டவில்லை. மறுசுழற்சி என்ற வார்த்தைக்குள் இந்தத் தூசியும் இருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி. விழுப்புரம் வழியில்

பையில் மழை புகுந்தது. காதர்பேட்டையில் வாங்கிய மெரூன் துண்டும் சென்னிமலை வெள்ளைத் துண்டும் ஒரே கவரில் இருந்தன. இப்போது இரண்டுமே மெரூன். கைக்குட்டைத் தேய்ப்பில் தப்பியது ஆறு மணி நேர ஈரத்தில் மாட்டிக்கொண்டது. சாம்பிளை வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்து, ஒரு ராத்திரி ஊறவைத்துப் பார்ப்பதையும் சோதனையில் சேர்க்க வேண்டும்.

குர்தாவுக்குப் பஸ்ஸில் போட்ட விலைக்கணக்கு. துணி 2.1 மீட்டர், மீட்டர் 260: 546 ரூபாய். தையல் 230. கொட்டாங்குச்சிப் பட்டன், நூல், பருத்தி நாடா லேபிள் 40. துவைத்துத் தேய்க்க 30. காகித உறை 15. மொத்தம் 861. நூற்றில் ஐந்து தேறாது என்று வைத்தால் 906. நேரடியாக விற்றால் 1,850 வைக்கலாம். கூரியர், அளவு மாற்றிக் கொடுப்பது, புகைப்படம், வாடகை, நடத்துபவர் சம்பளம் எல்லாம் அதற்குள். கடையில் வைத்தால் அவர்கள் 40 சதவீதம் எடுப்பார்கள். கையில் 1,110 வரும், அது போதாது. விலையை 2,600 ஆக்கலாம் என்றால், 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை உள்ள உடுப்புக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி., அதைத் தாண்டினால் 18. 2,500-ஐ நூறு ரூபாய் தாண்டப் போய் வாங்குபவர் தலையில் வரியாக மட்டும் 468 ரூபாய் விழும். கைத்தறி உடுப்புக்கு இந்தக் கோடு சரியாகக் குறுக்கே விழுகிறது. முன்பணம் வாங்கி, ஆறு வாரம் காத்திருக்கச் சொல்லி நேரடியாக விற்பதைத் தவிர இந்தக் கணக்கில் வேறு வழி தெரியவில்லை. விற்காத சரக்கும் அப்போதுதான் இருக்காது.

நவம்பர் 15, சனி. திண்டிவனம் தாண்டி ஒரு சாயக் கொட்டகை

இந்தப் பக்கம் நீலச் சாயம் தரும் அவுரி விளைகிறது. இலைத்தழையைத் தொட்டியில் ஒரு ராத்திரி ஊறவைத்து, தண்ணீரைக் கீழ்த்தொட்டியில் இறக்கி, நுரை நீலமாகும் வரை அடித்து, படிந்த வண்டலைக் காய்ச்சி வடிகட்டிக் கட்டியாக உலர்த்துவார்கள். ஊறிய சக்கை வயலுக்கு எரு. இது தொட்டி வேலை நடக்கும் மாதமில்லை. கட்டிகள் மட்டும் அடுக்கில் இருந்தன.

சாயத்தொட்டி மூடியைத் திறந்தபோது மேலே செம்பு நிறத்தில் பளபளப்பான ஏடு, நடுவில் நீல நுரை. ஏட்டை விலக்கினால் உள்ளே தண்ணீர் மஞ்சள் பச்சை. அவுரிப்பொடி ஒரு பங்கு, சுண்ணாம்பு இரண்டு பங்கு, பழச்சர்க்கரை மூன்று பங்கு என்பது ஒரு கணக்கு. வெல்லம் போட்டால் மெதுவாகத்தான் வேலை செய்யும். நனைத்த துணியை மெதுவாக இறக்கி, குமிழி எழாமல் உள்ளேயே பிரித்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து எடுத்தார்கள். வெளியே வந்தது பச்சைத் துணி. காற்றுப் பட்டதும் ஓரத்திலிருந்து நீலம் பரவி, கண் முன்னாலேயே முழுக்க மாறியது. ஆழ்ந்த நிறம் வேண்டுமானால் நீண்ட நேரம் ஊறவைப்பதில் பயனில்லை. ஆறேழு தடவை முக்கி, ஒவ்வொரு தடவையும் காற்றாட விட வேண்டும். அவசரத்தில் கலங்கிய தொட்டியில் முக்கினால், கரையாத பொடி துணியில் உட்கார்ந்து, போட்டவரின் கழுத்திலும் பையிலும் நீலமாக ஒட்டும். இன்று மழைக் குளிரில் தொட்டி சோம்பியிருந்தது. "இது இன்னிக்கு எழுந்துக்காது, வெந்நி ஊத்துனாதான் வேலைக்கு ஆவும்" என்றார் சாயம் போடும் அக்கா.

மற்ற நிறங்களுக்கு முன்வேலைதான் முக்கியம். ஐந்து கிலோ துணிக்கு ஒரு கிலோ கடுக்காய்ப் பொடி, பிறகு 750 கிராம் படிகாரம். அதன்பின்தான் சிவப்பு தரும் மஞ்சிட்டி வேர். மஞ்சிட்டித் தண்ணீர் 70 டிகிரியைத் தாண்டினால் சிவப்பு போய்ப் பழுப்பு வரும். கருப்புக்கு இரும்புத்துண்டையும் வெல்லத்தண்ணீரையும் பதினைந்து நாள் புளிக்கவைத்த தண்ணீர். அதிகமானால் பருத்தி இற்றுப்போகும். மஞ்சள் கிழங்கின் நிறம் வெயிலில் நிற்காது, எத்தனை அழகாக இருந்தாலும் விற்கக்கூடாது. சோழமண்டலக் கரையில் ஒரு காலத்தில் சாயவேரில் எடுத்த சிவப்புக்கு உலகமே காத்திருந்தது. அந்த வேரின் பெயர்கூட இன்று கொட்டகையில் ஒருவருக்குத்தான் தெரிந்தது.

இயற்கைச் சாயம் என்பதால் எல்லாம் சுத்தம் என்றும் ஆகாது. கொதிக்கவைக்க விறகு எரிகிறது, ஒவ்வொரு அலசலுக்கும் தண்ணீர் போகிறது. இரண்டு லாட் ஒரே நிறத்தில் வராது. ஒரு உடுப்பின் எல்லாத் துண்டையும் ஒரே லாட்டில் வெட்ட வேண்டும், கட்டுக்கட்டாக எண் ஒட்ட வேண்டும். தவறினால் கை ஒரு நீலம், உடம்பு ஒரு நீலம்.

ஆரோவில் இங்கிருந்து பக்கம். 2004 சுனாமிக்குப் பிறகு மீனவப் பெண்கள் மிச்சத் துணியில் செய்யத் தொடங்கிய சுனாமிகா பொம்மை ஒன்று கொட்டகையின் ஜன்னலில் தொங்கியது. சுண்டுவிரல் நீளம்தான். திருப்பூரில் உள்ளங்கையில் வைத்துப் பார்த்த கழுத்துத் துண்டில் இதைச் செய்யலாம்.

மதியம் சோறு, காரப்பொடி மீன் குழம்பு, 90 ரூபாய். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சென்னிமலையிலிருந்து போன். குழியில் தண்ணீர் வற்றிவிட்டது, திங்கட்கிழமை பாவு ஏற்றலாம். அச்சில் எத்தனை இஞ்ச் என்று கேட்டார் ஐயா. இறக்கி நனைத்தபின் 41 வர வேண்டும் என்றதும், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, "அப்ப 43 போட்டுக்கறனுங்க. 2,580 இழை" என்றார்.